கேம் ரிவ்யூவைப் படிச்சாச்சு, இப்போ என்ன சொல்றது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள். வீடியோ கேம் விளையாடிவிட்டு அதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள். யாருக்கும் இது பிழைப்பு இல்லை. ஒருவர் கூரியர் வேலை பார்க்கிறார், ஒருவர் வங்கியில் இருக்கிறார், மற்றவர்கள் பெரும்பாலும் கல்லூரி. ஆரம்பித்து வைத்தவன் என் அண்ணன் மகன். நான் ஒரு வார இதழில் இருபது வருடம் உதவி ஆசிரியராக இருந்தவள் என்பதால், "அத்தை, நீ சும்மா உக்காந்து கேளு" என்று இழுத்துக்கொண்டு போனான். சும்மா உட்காரத்தான் முடியவில்லை.

ரிவ்யூ எழுதுவதில் அவர்களுக்குத் தயக்கமே இல்லை. அடுத்தவர் எழுதியதைக் கேட்டுவிட்டு என்ன சொல்வது என்பதில்தான் விழிக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன்.

"நல்லா இருக்கு"ன்னு சொன்னா பத்தாதாக்கா?

சொல்கிறவருக்குப் போதும். எழுதியவருக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாது. எது நல்லா இருந்தது என்று தெரிந்தால்தானே அடுத்த முறையும் அதைச் செய்வார்? "மழை பெய்யற தெருவுல நீ வண்டியை நிறுத்திட்டு ரேடியோ கேட்டேன்னு எழுதியிருந்தியே, அங்க எனக்கும் விளையாடணும்போல இருந்துச்சு" என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

"மொக்கை" என்பதற்கும் இதே பதில்தான்.

நான் அந்த கேமை விளையாடினதே இல்ல. கருத்து சொல்லலாமா?

தாராளமாக. ரிவ்யூ யாருக்காக எழுதப்படுகிறதோ அந்த ஆள் நீங்கள்தான். விளையாடி முடித்தவர் படிக்கும்போது, எழுத்தில் விட்டுப்போனதைத் தன் ஞாபகத்திலிருந்து நிரப்பிக்கொண்டே போவார். ஓட்டை அவர் கண்ணில் படாது.

மாடியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 'வெண்பா' என்று ஒரு கேம். டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை, விளையாட்டே சமையல்தான். ஒருவர் எழுதிய ரிவ்யூவில் "சமையல் பகுதிகள் மனதைத் தொட்டன" என்று ஒரே ஒரு வரி. விளையாடியிருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். விளையாடாத ஒரு பெண் மட்டும், "சமைக்கறதுன்னா என்ன செய்யணும்? பட்டனை அமுக்கினா இட்லி வந்துடுமா?" என்று கேட்டாள். அப்புறம்தான் எழுதியவர் விளக்கினார்: அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் கிடக்கும், விட்டுப்போன படியை நாமே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த கேமின் உயிரே அதில்தான் இருக்கிறது. ரிவ்யூவில் அதைக் காணோம்!

ஒன்று மட்டும். விளையாடாதவர் "இது தப்பான தகவல்" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கேள்வியாகக் கேட்கலாம்.

முதல்ல எதைப் பார்க்கணும்? எழுத்துப்பிழையா?

அது கடைசி. பிழை திருத்தியே சம்பளம் வாங்கியவள் சொல்கிறேன். முதல் தடவை கையில் பேனா வைத்துக்கொள்ளாமல் படியுங்கள். எங்கே கவனம் நழுவியது, எங்கே திரும்ப மேலே போய்ப் படிக்க வேண்டியிருந்தது, எங்கே சிரித்தீர்கள் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். பாதிக் கருத்து அங்கேயே கிடைத்துவிடும். மொத்தப் பத்தியே போகப்போகிறது என்றால் அதில் ஒற்று மிகுமா மிகாதா என்று எதற்கு மண்டையை உடைப்பது?

கேமின் பெயர், வெளியான வருடம், விலை, உருவாக்கியவர்கள் யார் என்பதில் தப்பு இருந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள். இந்தத் தகவல்களை வாசகர்கள் அப்படியே நம்பி எடுத்துப் போவார்கள்.

எல்லாரும் "கிராபிக்ஸ் செம, மியூசிக் வேற லெவல், ஸ்டோரி மொக்கை"ன்னே எழுதறாங்க. என்னதான் சொல்றது?

இதற்கு நான் ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: "எந்த இடத்தில்?" கிராபிக்ஸ் செம என்றால் எந்த இடத்தில் அப்படித் தோன்றியது? கதை எந்த இடத்தில் இழுத்தது? நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குப் பதில் தயாராக இருக்கும். எழுதும்போதுதான் அதை விட்டுவிட்டுத் தீர்ப்பை மட்டும் எடுத்து வைத்திருப்பார்கள். நாம் கேட்டதும் வாயால் சொல்வார்கள் பாருங்கள், அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் வாயால் சொன்ன வாக்கியம் எழுதிய வாக்கியத்தைவிட எப்போதும் உயிரோடு இருக்கிறது.

ஒரு பையன் "மியூசிக் வேற லெவல்" என்று எழுதியிருந்தான். எந்த இடத்தில் என்று கேட்டேன். "எதிரி பக்கத்துல வரும்போது பாட்டு நின்னுடும் ஆன்ட்டி. அந்த அமைதியிலதான் பயமே" என்றான். இவ்வளவு நல்ல கவனிப்பை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே 'வேற லெவல்' என்று எழுதுகிறான்.

இன்னொரு தொல்லை, ரேஷன் கார்டு மாதிரி வரிசையாகப் போவது. கிராபிக்ஸ் ஒரு பத்தி, ஒலி ஒரு பத்தி, கதை ஒரு பத்தி, கன்ட்ரோல் ஒரு பத்தி. சில கேம்களில் ஒலியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இருக்காது. அங்கே அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொல்லுங்கள். தைரியம் வராது, நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

"பயங்கர லேக்"னு எழுதியிருக்கான். எனக்கு அப்படி ஒண்ணும் ஆகலையே?

நம் ஊரில் 'லேக்' என்ற ஒரே சொல் மூன்று வியாதிக்குப் பெயர். நெட் மெதுவாக இருந்து, நாம் சுட்ட குண்டு சர்வருக்கு, அதாவது எங்கோ இருந்து கேமை நடத்தும் கம்ப்யூட்டருக்கு, தாமதமாகப் போய்ச் சேருவது ஒன்று. மெஷினுக்குத் திராணி இல்லாமல் பிரேம், அதாவது திரையில் நொடிக்கு இத்தனை என்று வரும் படங்கள், குறைவது இன்னொன்று. நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 17 மில்லிசெகண்ட். 30 என்றால் 33. அந்த நேரத்துக்குள் படத்தை வரைந்து முடிக்காவிட்டால் கண்ணுக்குத் திக்குவதுபோல் தெரியும். மூன்றாவது சென்னைக்கே உரியது: மே மாதம், ஃபேன் மட்டும் ஓடுகிற அறை, சார்ஜில் போட்டபடியே விளையாடுகிற போன். சூடு ஏறியதும் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். இதில் கேம் செய்த பாவம் என்ன?

அதனால் "பொய் சொல்றான்" என்று நினைக்காமல் மூன்று விஷயம் கேளுங்கள். என்ன போன், அல்லது என்ன கம்ப்யூட்டர்? ஆரம்பத்திலிருந்தேவா, இருபது நிமிடம் கழித்தா? நெட்டை அணைத்தாலும் வருகிறதா? பதில்களை ரிவ்யூவிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பெரிய இடத்திலேயே இது நடந்திருக்கிறது. 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பர் 10 அன்று வெளியானது. முன்கூட்டியே ரிவ்யூ எழுதியவர்களுக்குக் கொடுக்கப்பட்டது கம்ப்யூட்டர் பதிப்பு, பாராட்டும் குவிந்தது. சோனியின் கேம் மெஷினான பிளேஸ்டேஷன் 4இல் வாங்கியவர்களுக்குக் கிடைத்தது அடிக்கடி உறைந்து நிற்கும் வேறொரு அனுபவம். ஒரே வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது. மறுபடி வந்தது 2021 ஜூனில். எந்த மெஷினில் விளையாடினேன் என்ற ஒரு வரி ரிவ்யூவில் எவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

எவ்வளவு நேரம் விளையாடிட்டு எழுதினா செல்லும்? இவன் பாதியிலேயே எழுதிட்டான்.

கணக்கு ஒன்றும் கிடையாது. மேலே சொன்ன 'வெண்பா' ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 'எல்டன் ரிங்' பல பேருக்கு ஐம்பது மணி நேரம் தாண்டியும் முடியாது. பாதியில் நிறுத்தினால் தப்பில்லை, முடித்த மாதிரி எழுதினால்தான் தப்பு. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் பக்கத்தில் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்று தானாகவே காட்டிவிடும். நம் ஆட்கள் அதைக் கையால் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

"ஆறு மணி நேரத்தில் வெறுத்துப்போய் விட்டுவிட்டேன்" என்பதே அருமையான ரிவ்யூ ஆகலாம், எந்த இடத்தில் வெறுத்தது என்று சொன்னால்.

10க்கு 9 போட்டிருக்கான், ஆனா எழுதினதெல்லாம் குறை. எதை நம்பறது?

எழுத்தை. நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே மார்க் என்றால் ஒரு நடுக்கம். 35 எடுத்தால் பாஸ் என்றாலும் 70 எடுத்தவனை வீட்டில் யாரும் கொஞ்சியதில்லை. கேம் ரிவ்யூவிலும் அதே கதைதான். 7 என்றால் சுமார், 6 என்றால் குப்பை, 5க்குக் கீழே யாரும் இறங்குவதே இல்லை. உலகம் பூராவும் இப்படித்தான் என்றாலும் நாம் கொஞ்சம் கூடுதலாக அள்ளி விடுகிறோம்.

மார்க்கைக் கையால் மறைத்துக்கொண்டு ரிவ்யூவைப் படித்து, நீங்களாக ஒரு மார்க் ஊகியுங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அதை மட்டும் சொல்லுங்கள்: "படிச்சப்போ எனக்கு 6 மாதிரி இருந்துச்சு, நீ 9 போட்டிருக்க. நடுவுல எதையோ எழுதாம விட்டுட்டியா?" அநேகமாக விட்டிருப்பார். குறைகளைக் கூர்மையாக எழுதிவிட்டு, நாலு ராத்திரி தூங்காமல் விளையாடியதை மறந்திருப்பார்.

மார்க்கில் என்ன இருக்கிறது என்பவர்களுக்காக ஒரு செய்தி. 2010இல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' கேமைச் செய்த அப்சிடியன் நிறுவனத்துக்கு, பல ரிவ்யூக்களின் மார்க்கைச் சேர்த்துச் சராசரி போடும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் இல்லை. நம் மாடியில் போடுகிற மார்க் அங்கே போகாதுதான், இருந்தாலும் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே.

எனக்கு உயிரான கேமைத் திட்டியிருக்கான். நியாயமா கருத்துச் சொல்ல முடியுமா?

முதல் நாள் முடியாது. ஒரு நாள் ஆறப்போடுங்கள். அப்புறம், உங்கள் வாயில் வருகிற வாக்கியம் கேமைப் பற்றியதா, ரிவ்யூவைப் பற்றியதா என்று பிரித்துப் பாருங்கள். "அந்தச் சண்டை கஷ்டம்தான், ஆனா அதுல ஒரு தாளம் இருக்கு" என்பது கேமைப் பற்றியது. அதைக் கீழே டீக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள், நானும் வருகிறேன். "கஷ்டம்னு எழுதியிருக்க, நியாயமில்லாத கஷ்டமா, பழகினா பிடிபடற கஷ்டமான்னு தெரியல" என்பது ரிவ்யூவைப் பற்றியது. அது உதவும், நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும்.

முதல்ல ஒரு பாராட்டு, நடுவுல குறை, கடைசில ஒரு பாராட்டுன்னு சொல்லணுமாமே?

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாராட்டு ஆரம்பித்த உடனேயே எதிரில் இருப்பவர் 'ஆனா' எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருப்பார். உண்மையான பாராட்டும் அதில் வீணாகிறது. இருந்தால் சொல்லுங்கள், முதல் கேள்விக்கான பதிலில் உள்ளது போல இடத்தைச் சுட்டிச் சொல்லுங்கள். இல்லையென்றால் தேடிப்பிடித்து ஒட்ட வைக்காதீர்கள்.

எத்தனை குறை சொல்லலாம்? நிறைய இருந்தா?

இரண்டு. மிஞ்சிப் போனால் மூன்று. ஆரம்பத்தில் நான் செய்த காரியம்: முதல் தடவை எழுதிக் கொண்டுவந்த ஒருவரின் ஒன்றரைப் பக்கத்தில் 31 இடத்தில் சிவப்பு மை வைத்துக் கொடுத்தேன். அலுவலகப் பழக்கம். "தேங்க்ஸ்க்கா" என்று மடித்துப் பையில் வைத்தார். அதற்கப்புறம் அவர் மாடிக்கு வரவில்லை. அந்த 31இல் ஒன்றுகூடத் தப்பான திருத்தம் இல்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

கதையை முழுசா போட்டு உடைச்சிட்டான். சொல்லலாமா, அது அவன் இஷ்டமா?

சொல்லலாம். படிக்கிறவருக்கு அது அநியாயம். ஆனால் "கதையே சொல்லாதே" என்று பூட்டுப் போட்டால் பழையபடி "ஸ்டோரி செம" என்று திரும்பி வந்து நிற்பார். முதல் ஒரு மணி நேரத்துக்குள் வருவது எதையும் சொல்லலாம், அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே ஒரு வரி எச்சரிக்கை. எங்கள் மாடியில் இதுதான் ஏற்பாடு.

செக்பாயின்ட், பாஸ், லெவல் எல்லாத்துக்கும் தமிழ்ச் சொல் போடச் சொல்லணுமா?

வேண்டாம். செத்தால் மறுபடி ஆரம்பிக்கிற இடம் செக்பாயின்ட், பெரிய எதிரி பாஸ் என்று விளையாடுகிறவர்கள் வாயில் இருக்கிற சொல்லையே எழுதட்டும். நான் கவனிப்பது வேறு ஒன்றை. இங்கிலீஷ் ரிவ்யூவைப் படித்துப் படித்து வாக்கியமே இங்கிலீஷ் நடையில் வருகிறது. "இந்த கேம் உங்களுக்கு ஒரு மறக்க முடியாத அனுபவத்தை வழங்குகிறது" என்று நம்மில் யார் பேசுகிறோம்? அந்த வரியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். படிக்கிறவரே சிரித்துவிடுவார்.

திருட்டுக் காப்பியில விளையாடிட்டு எழுதியிருக்கான்னு சந்தேகம். கேட்கலாமா?

நானே யோக்கியம் இல்லை. 'வைஸ் சிட்டி' என்ற கேம் எங்கள் வீட்டுக்கு வந்தது பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் அண்ணன் வாங்கிய சிடியில்தான். அதனால் இங்கே உபதேசம் செய்ய மாட்டேன். கேமைச் செய்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான்.

கருத்துச் சொல்கிறவராக நீங்கள் கேட்க வேண்டியது, எந்தப் பதிப்பு என்று. அப்படிப்பட்ட காப்பிகள் பெரும்பாலும் பழைய பதிப்பிலேயே நின்றுவிடும். 'நோ மேன்ஸ் ஸ்கை' 2016இல் வந்தபோது மற்றவர்களோடு சேர்ந்து விளையாடவே முடியாது என்று ஊரே திட்டியது. 2018இல் பெரிய அப்டேட்டில் அந்த வசதி வந்தது. முதல் நாள் காப்பியை வைத்துக்கொண்டு இன்று ஒருவர் ரிவ்யூ எழுதினால், கடையில் இல்லாத பொருளைப் பற்றி எழுதுகிறார். இதைச் சொல்ல அவர் எங்கிருந்து எடுத்தார் என்று தெரிய வேண்டியதில்லை.

இது விளையாடி எழுதின மாதிரியே இல்ல. யூடியூப் பார்த்தோ ஏஐ வச்சோ எழுதினது. எப்படிச் சொல்றது?

குற்றம் சாட்டாதீர்கள், தப்பாகப் போனால் பாவம். ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்து எழுதியதை ஒருவர் 'ஏஐ' என்று சொல்லிவிட்டார். அழுதேவிட்டாள். அவள் எழுத்து அப்படி வழவழவென்று இருந்ததற்குக் காரணம் செக்பாயின்ட் கேள்வியில் சொன்ன அதே இங்கிலீஷ் நடை.

எந்த இடத்தில் அதிகம் தடவை செத்தாய், எதை இரண்டாம் தடவை வேறு மாதிரி செய்தாய் என்று ஆர்வமாகக் கேளுங்கள். விளையாடியவர் நிறுத்தாமல் பேசுவார், நீங்கள்தான் நிறுத்த வேண்டியிருக்கும். விளையாடாதவர் கதைச் சுருக்கத்தையே திரும்பச் சொல்வார். அவருக்குப் புரிந்துவிடும். நீங்கள் மேலே ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அவனுக்கு கேமை ஃப்ரீயா குடுத்திருக்காங்க. அதை எழுதலை.

எழுதத்தான் வேண்டும், இதில் நாசூக்கு பார்க்காதீர்கள். விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2021லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. பணம் என்றில்லை, இலவசப் பொருள் வாங்கியிருந்தாலும் பார்க்கிறவருக்குத் தெரிகிற மாதிரிச் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் அதையே சொன்னது. "இலவசமாகக் கிடைத்தது" என்று முதல் வரியில் போட்டுவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் புகழட்டும்.

என் தங்கச்சி பையனுக்குப் பதிமூணு வயசு. ஜிடிஏ 5 பத்தி ரிவ்யூ எழுதிக் காட்டறான். என்ன சொல்லட்டும்?

பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கான கேம் அது. அந்தப் பேச்சை அவன் அம்மாவோடு தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். எழுத்தைக் காட்ட வந்த பிள்ளையிடம் அதை ஆரம்பித்தால் இனிமேல் எதையும் காட்ட மாட்டான், விளையாடுவது மட்டும் நடக்கும். எழுத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி போதும். "எந்த இடத்தில்?" சின்னப் பிள்ளைகள் பதில் சொல்லும் அழகே தனி.

நம்ம ஊர்ப் பசங்க பண்ணின கேம். போட்டுத் தாக்கியிருக்கான். கொஞ்சம் தணிச்சு எழுதுன்னு சொல்லலாமா?

இதில் மாடியே இரண்டாகப் பிரிந்துவிட்டது. என் கட்சி: குறையைக் குறைக்கச் சொல்லக் கூடாது, அளவுகோலைக் கேட்கலாம். நாலு பேர் ராத்திரி கண்விழித்துச் செய்த கேமை, பல நூறு பேர் வேலை பார்த்த கேமோடு ஒப்பிட்டு "முகபாவம் சரியில்லை" என்று எழுதியிருந்தால் அது கவனக்குறைவு. குதித்தால் சுவருக்குள் சிக்கிக்கொள்கிறது என்றால் அது யார் செய்தாலும் குறைதான்.

புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் 2020இல் 'ராஜி' வெளியிட்டபோது, ஓவியத்தையும் கோட்டைகளையும் பாராட்டியவர்களே சண்டைப் பகுதி தடுமாறுகிறது என்றும் எழுதினார்கள். இந்திய கேம் என்பதால் இரண்டாவதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தால் முதலாவதையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

செய்தவர் நண்பராக இருந்தால் அந்த விஷயமும் ரிவ்யூவில் வர வேண்டும். இலவசப் பிரதிக்குச் சொன்ன அதே நியாயம்.

இவ்வளவும் சொல்லியும் அவன் ஒரு வரியைக்கூட மாத்தலை. அப்புறம்?

அப்புறம் ஒன்றுமில்லை. அது அவர் பெயரில் வருகிற ரிவ்யூ. எங்கள் கூரியர்காரரிடம் 'வேற லெவல்' வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. போன ஞாயிறு கொண்டுவந்த ரிவ்யூவில் அது ஐந்து இடத்தில் இருந்தது. ஆனால் ஐந்துக்கும் பக்கத்திலேயே எந்த இடத்தில் என்று எழுதியிருந்தார்.